நாலு விரல் கூடிய முழம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "சார், என் 32 பிட் லினக்ஸ் கணினியில் எச்டாப் (ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் கருவி) திறந்ததும் எழுத்தெல்லாம் குழம்பி, சிக்னல் 11 என்று காட்டி நின்றுவிடுகிறது. உப்புக்காத்து மெமரியை அரிச்சிடுச்சு, மாத்துங்கங்கிறார் கடைக்காரர். மாற்றட்டுமா?"

வேண்டாம் தம்பி. உப்புக்காற்று இணைப்பு முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும், உண்மைதான். ஆனால் அது ஆள் பார்த்து அரிக்காது. மற்றதெல்லாம் ஒழுங்காக ஓட, ஒரே நிரல் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால் முதலில் லைப்ரரியை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரல் தொகுப்பைப் பாருங்கள்.

விசாரித்ததில் விஷயம் வந்தது. நண்பரின் பழைய கணினியிலிருந்து எச்டாப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறார். அது, திரையில் எழுத்துகளை அடுக்கித் தரும் என்கர்சஸ் லைப்ரரியின் 5-ஆம் பதிப்பைக் கேட்டது. இருந்ததோ 6. அதற்கே 5 என்று பெயர் வைத்து ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் மாற்றுப்பெயர்) போட்டுவிட்டார். பெயர் கிடைத்ததும், நிரலோடு லைப்ரரியை இணைக்கும் லோடரும் திறந்துவிட்டது.

திரையின் ஒவ்வொரு எழுத்துக்கும் நினைவகத்தில் ஒரு கட்டம் உண்டு. இந்தக் கணினியில் பழைய கட்டம் 24 பைட். 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பில், கூடுதல் நிறங்களுக்காக 4 பைட் சேர்ந்து 28 ஆனது. வலையின் மேல்கயிற்றில் முழத்துக்கு ஒரு மிதவை கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் 24 விரல். இருட்டில் அந்தக் கயிற்றைத் தடவி எண்ணுபவரின் முழமோ 28 விரல். கட்டியவர் பழைய எச்டாப், எண்ணுபவர் புதிய லைப்ரரி. முதல் மிதவை கையில் சரியாகப் படும். அடுத்தது நாலு விரல் தள்ளிப்போகும், அதற்கடுத்தது எட்டு. ஆறு முழம் போனால் 168 விரல். அங்கே எட்டாவது மிதவை கச்சிதமாகக் கையில் வந்து உட்காரும்! அதனால்தான் திரையில் முதல் எழுத்து சரி, அடுத்த ஐந்தும் குப்பை, ஏழாமிடத்தில் எட்டாவது எழுத்து. இந்த ஒழுங்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அறுபது எழுத்து வரியில் லைப்ரரி 240 பைட் கூடுதலாகப் படிக்கும். அந்த நடையில் நிரலுக்குச் சொந்தமில்லாத முகவரியைத் தொட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் சிக்னல் 11 அனுப்பி நிறுத்திவிடும்.

கட்டம் மாறினால் லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் மாற்றும் இந்த ஒழுக்கத்தைப் பெரும்பாலும் சம்பளமில்லாத சிலர்தான் காக்கிறார்கள். ஆய்வு நிதியில் அவர்களுக்கும் ஒரு பங்கு போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிம்லிங்கை நீக்குங்கள். பென்டிரைவ் எச்டாப்பையும் அழித்துவிட்டு, உங்கள் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே புதிதாக நிறுவுங்கள். பிறகு, ஒரு நிரல் எந்த லைப்ரரிகளைக் கேட்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையில் என்கர்சஸ் வரியைப் பாருங்கள். 6 என்று இருக்கவேண்டும். அப்போதும் விழுந்தால் அந்த வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.