கட்டை இல்லை என்றால் காசும் இல்லையா?

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸைத் திறந்து ஊதுபத்தி கூட ஏற்றவில்லை. ஒரு பெரியவர் உள்ளே வந்து செல்போனை என் மேஜைமேல் வைத்தார். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். இரண்டு வரிகளை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றும் 45 யூரோ. எடுத்திருந்த தேதி, குடும்பத்தோடு இத்தாலி போய்த் திரும்பி மூன்று மாதம் ஆன பிறகு.

"தம்பி, ஓடிபி கூட வரல. எப்படி எடுத்தான்? இது கொள்ளை இல்லையா?"

"சார், மிலன் ஏர்போர்ட்ல கார் எடுத்து நேரா கோமோ போனீங்களே, வழியில டோல் கட்டினீங்களா?"

"டோல்கேட்டே இல்லையேப்பா. ரோடு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஒருத்தரும் நிறுத்தல."

இந்த வருஷத்தில் இதே பதிலை நான் கேட்பது ஏழாவது முறை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். திருச்சியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். வெளிநாட்டில் தாங்களே கார் ஓட்டிச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. புறப்படுவதற்கு முன் டோல் பற்றி இரண்டு பக்க பிடிஎஃப் அனுப்புவேன். அதை யாரும் திறப்பதில்லை என்பது என் அனுபவம். பெரியவரும் திறக்கவில்லை. ஹோட்டல் வவுச்சரை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நம் மனசில் டோல் என்றால் குறுக்கே ஒரு கட்டை இருக்க வேண்டும். சமயபுரம் டோலில் நின்று, ஃபாஸ்டாக் பீப் அடித்து, கட்டை எழும்பினால்தான் காசு போனதாகக் கணக்கு. எங்கள் ஊரில் 'நம்பர் 1 டோல்கேட்' என்று ஒரு பஸ் ஸ்டாப்பே உண்டு, அந்த அளவுக்கு அந்த வார்த்தை வாயில் ஊறிப்போயிருக்கிறது. கட்டை இல்லாத ரோடு இலவச ரோடு. இந்த எண்ணத்தோடுதான் விமானம் ஏறுகிறோம்.

மிலன் மால்பென்சா ஏர்போர்ட்டிலிருந்து கோமோ ஏரிக்கு மேப் காட்டும் வழிகளில் ஒன்று ஏ36 என்ற சாலை. பெடமோன்டானா என்பார்கள். அதில் சாவடி கிடையாது, ஆள் கிடையாது. ரோட்டுக்கு மேலே ஒரு இரும்பு வளைவு, அதில் கேமரா. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். காசை நாமாகப் போய், அவர்களுடைய இணையதளத்திலோ ஆப்பிலோ நம்பர் பிளேட்டைப் போட்டு, 15 நாளுக்குள் கட்ட வேண்டும். சில யூரோ சமாச்சாரம். ஒரு காப்பி, ஒரு பன் விலை.

கட்டாவிட்டால்? வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடுவார்கள். வண்டி வாடகைக் கம்பெனி பெயரில் இருக்கிறது. "அந்தத் தேதியில் ஓட்டியது யார்?" என்று கேட்பார்கள். கம்பெனி உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுக்கும். கொடுத்த கையோடு, அந்த வேலைக்கென்று உங்கள் கார்டில் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னை அதிகம் படுத்துவது இதுதான்.

கார்டில் போன அந்த 45 யூரோ டோல் அல்ல. அபராதமும் அல்ல. கம்பெனி உங்கள் விவரத்தை எடுத்துக் கொடுத்ததற்கான கூலி. தபால்காரர் வந்து உங்கள் வீடு எது என்று கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டுகிறார், அதற்கு உங்களிடம் 45 யூரோ வாங்கிக்கொள்கிறார். தபால் இனிமேல்தான் வரும். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. "அதான் எடுத்துட்டானே, கணக்கு முடிஞ்சது" என்கிறார்கள். முடியவில்லை சார், ஆரம்பித்திருக்கிறது. டோல் பாக்கி அப்படியே நிற்கிறது. அதன்மேல் தாமதச் செலவு ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தக் கூலி நோட்டீஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. பெரியவர் ஏர்போர்ட்டிலிருந்து போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை அந்த ரோட்டில் போயிருக்கிறார். ஆகவே இரண்டு வரி.

இது கொள்ளையா என்றால், எனக்கும் மனசு ஒப்பாத தொகைதான். நான் பார்த்த ஒப்பந்தங்களில் 40-லிருந்து 60 யூரோ வரை இருக்கிறது. சில யூரோ டோலுக்கு 45 யூரோ கூலி என்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அச்சடித்திருக்கிறது, கவுன்டரில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஓடிபி வராததற்கும் மர்மம் எதுவும் இல்லை. கார்டு விவரத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கம்பெனி பிறகு எடுக்கும் தொகைக்கு ஓடிபி இல்லாமலேயே போய்விடலாம். உடனே பேங்குக்கு ஓடிப்போய் கார்டை பிளாக் செய்கிறார்கள். செய்யுங்கள், கடன் பிளாக் ஆகாது. வசூல் ஏஜென்சியிடமிருந்து கடிதம் வரும், தொகை இன்னும் பெருத்திருக்கும்.

ஆகவே வித்தை ஒன்றே ஒன்றுதான். அவர்கள் கம்பெனியைக் கேட்பதற்கு முன் நீங்களே கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டால் கேள்வி இல்லை, கேள்வி இல்லை என்றால் கூலியும் இல்லை.

அந்த 'முன்' எவ்வளவு நாள் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இத்தாலி தாராளம், 15 நாள். பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13 சாலையில் 2024 முதல் சாவடியை எடுத்துவிட்டார்கள், அங்கே 72 மணி நேரம். நியூசிலாந்தில் டோல் ரோடு விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், ஐந்து நாள் தருகிறார்கள். லண்டனுக்குக் கிழக்கே டார்ட்ஃபோர்டில் தேம்ஸைக் கடந்தால் மறுநாள் நள்ளிரவு வரை. டப்ளினைச் சுற்றும் எம்50-யில் மறுநாள் ராத்திரி 8 மணி. எட்டு மணி என்றால் எட்டு மணிதான். அயர்லாந்தில் சில வாடகைக் கம்பெனிகள் எம்50 டோலைத் தாங்களே கட்டி உங்களிடம் வாங்கிக்கொள்ளும், சில கட்டாது. கேட்காமல் நீங்களும் கட்டினால் இரட்டைச் செலவு.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கவுன்டரில் இன்ஷூரன்ஸ் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள் டோல் பற்றி அரை நிமிஷம் பேசுவதில்லை. "இந்த வண்டிக்கு டோல் எப்படிப் போகும்? டேக் இருக்கிறதா? டேக் பயன்படுத்தினால் தினசரி வாடகை உண்டா? நானே கட்டுவதாக இருந்தால் எந்த இணையதளம்?" இதைக் கேட்டுவிட்டு, சாவியை வாங்கியதும் முதல் வேலையாக நம்பர் பிளேட்டை போட்டோ எடுங்கள். மாமியார், குழந்தை, சூட்கேஸ் எல்லாரோடும் சேர்த்து வண்டியைப் படம் எடுக்கிறீர்கள், பிளேட் மட்டும் பாதிதான் விழுகிறது. கட்டுகிற பக்கத்தில் முதல் கட்டமே பிளேட் எண்தான். வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு எங்கே போய் அதைத் தேடுவீர்கள்?

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 2013-லேயே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஊருக்குள் வரும் தெற்குத் திசையில் மட்டும் டோல். வாடகைக் கம்பெனிகள் தங்கள் டோல் திட்டம் ஒன்று வைத்திருக்கும். பாலத்தை ஒருமுறை கடந்தாலும் அதன் சேவைக் கட்டணம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விழும். சில கம்பெனிகள் டோலே கடக்காத நாளுக்கும் சேர்த்துப் போடும். மகன் தன் காரிலிருந்து டேக்கைக் கழற்றி, "இதை வெச்சுக்குங்கப்பா" என்று கொடுத்து அனுப்புவான். நல்ல யோசனைதான், ஆனால் வாடகை வண்டியின் பிளேட்டை அவன் கணக்கில் தேதி போட்டுச் சேர்க்க வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றே நீக்கவும் வேண்டும். நீக்காமல் விட்டால், அடுத்து அந்த வண்டியை எடுப்பவர் ஊர் சுற்றும் டோல் உங்கள் மகன் கணக்கில் ஏறும். வாடகை வண்டியின் கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு சின்ன டேக் டப்பா ஒட்டியிருந்தால், அதன் மூடியைச் சாத்துங்கள். திறந்திருந்தால் அதுவும் பேசும், உங்களுடையதும் பேசும்.

இதில் ஒரு வேடிக்கை. நிஜ டோலைக் கட்டாத அதே ஆட்கள், "உங்கள் டோல் பாக்கி உள்ளது, இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று செல்போனுக்கு வரும் மோசடிக் குறுஞ்செய்திக்குப் பவ்யமாகக் கட்டுகிறார்கள். 2024-லேயே எஃப்பிஐ இதைப் பற்றி எச்சரித்தது. யோசித்துப் பாருங்கள், டோல்காரனிடம் இருப்பது வாடகை வண்டியின் நம்பர் பிளேட். உங்கள் செல் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

துபாய் கதை சுலபம். வாடகை வண்டியில் சாலிக் டேக் (நம் ஃபாஸ்டாக் மாதிரி) இருக்கும், திருப்பிக் கொடுக்கும்போது கணக்குப் பார்த்துக் கழிப்பார்கள். ஒவ்வொரு கடப்புக்கும் கம்பெனி தன் பங்கைச் சேர்த்திருக்கும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்துக்கு 6 திர்ஹம் ஆகிவிட்டது. பழைய 4 திர்ஹத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில் சாவடியும் இல்லை, ஒவ்வொரு தடவை கட்டுவதும் இல்லை. நெடுஞ்சாலைக்கு வருஷ வில்லை, அதாவது முன்கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர், 40 ஃபிராங்க். ஒரு நாள் போனாலும் அதே 40. இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், அதோடு வில்லையையும் வாங்க வேண்டும். சுவிஸிலேயே எடுத்த வண்டியில் இருக்கும். மிலனில் எடுத்த வண்டியில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் வாங்குவதற்கு முன் முன்கண்ணாடியைப் பாருங்கள், முன்பு எடுத்தவர் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். 2023 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் பிளேட் எண்ணுக்கே வாங்கிக்கொள்ளலாம். அரசாங்க இணையதளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை அதே 40 ஃபிராங்க் வில்லைக்குக் கூடுதல் காசு வாங்கும் இடைத்தரகர் தளங்களாக இருக்கலாம். நம் பெரியவர் இதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தார். போனில் நானே மூன்று முறை சொன்னதால்.

சரி, கட்டை இருக்கும் இடத்துக்கு வருவோம். இத்தாலியில் பெரும்பாலான நெடுஞ்சாலையில் கட்டை உண்டு. நுழையும்போது பொத்தானை அழுத்திச் சீட்டு எடுக்க வேண்டும், வெளியேறும்போது சீட்டைக் கொடுத்துக் கட்ட வேண்டும். சீட்டு தொலைந்தால் அந்த வழியில் மிகத் தூரத்திலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். ஆகவே அதைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். வெளியேறும் இடத்தில் மஞ்சள் பலகை டெலிபாஸ் டேக் வைத்திருப்பவர்களுக்கு. நீலம் கார்டுக்கு. வெள்ளை ரொக்கத்துக்கு. தப்பான வரிசையில் மாட்டிக்கொண்டால், தயவுசெய்து, பின்னால் எடுக்காதீர்கள். நம்மூரில் கையைக் காட்டிவிட்டு ரிவர்ஸ் எடுப்போம், பின்னால் இருப்பவர் திட்டிக்கொண்டே வழி விடுவார். அங்கே அது பெரிய குற்றம். உதவிப் பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பும், கட்டை திறக்கும். போகலாம்.

போகலாம் என்பதற்கு, இனாமாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. அந்தச் சீட்டில் 'இன்னும் கட்டவில்லை' என்றுதான் இத்தாலிய மொழியில் போட்டிருக்கும். அதையும் 15 நாளுக்குள் இணையத்திலோ, புன்டோ ப்ளூ என்ற அலுவலகத்திலோ கட்ட வேண்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் முகம் மாறியது. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரை எடுத்தார். ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி, எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடமாட்டார். ஹோட்டல் பில், படகு டிக்கெட், ஜெலாட்டோ வாங்கிய ரசீது எல்லாம் தேதிவாரியாக இருந்தன. வெனிஸ் போன நாளின் இடத்தில், ஓரம் சுருண்ட வெள்ளைச் சீட்டு ஒன்று. மேலே வண்டி நம்பர், கீழே தொகை.

"கார்டு எடுக்கலப்பா. ஒரு பொண்ணு ஸ்பீக்கர்ல ஏதோ சொன்னா, சீட்டு வந்துச்சு, திறந்துடுச்சு. டூரிஸ்ட்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். ரசீதுன்னு ஃபைல் பண்ணிட்டேன்."

சீட்டில் தேதி போட்டு மூன்று மாதம் பத்து நாள் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, வண்டி நம்பரைப் போட்டு, அந்தச் சீட்டையும் ஏ36-இன் இரண்டு பாக்கிகளையும் ஏறியிருந்த தாமதச் செலவோடு அவர் கார்டிலேயே கட்டினோம். இந்த முறை ஓடிபி வந்தது. மூன்று ரசீதையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், ஃபோல்டரில் வைத்துக்கொண்டார். போன 90 யூரோ திரும்பாது. இந்தச் சீட்டுக்காக மூன்றாவது 45 அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வருமா என்று கேட்டார். நாம் கட்டுவதற்கு முன்பே கம்பெனியைக் கேட்டிருந்தால் வரும் சார் என்றேன்.