மாரியில் நின்ற மோட்டர் கோடையில் ஏன் நிற்பதில்லை?

தை மாதம் பொருத்திய தண்ணீர் மோட்டர், பைப்பைப் பூட்டியதும் ஒழுங்காக நிற்கும். அதே மோட்டர் ஆவணி, புரட்டாதியில் எல்லாப் பைப்பும் பூட்டியிருக்க ஓடிக்கொண்டே இருக்கும். பழி விழுவது மோட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில்தான். கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்கள், புதிதும் நிறுத்தாது. பல வீடுகளில் பெட்டி பழுதில்லை. கிணற்று நீர்மட்டம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிதான் அமுக்க சுவிச். அடியில் கால் அங்குலத் துளை ஒன்று உண்டு. அதனூடாக வரும் தண்ணீர் ஒரு றப்பர்த் தகட்டைக் கீழிருந்து தள்ள, சுருள்வில் ஒன்று மேலிருந்து எதிர்த்து அழுத்தும். தகட்டின் விட்டம் 3 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறக்குறைய 7 சதுர சென்ரிமீற்றர். 40 இறாத்தல் அமுக்கத்தில் அதன்மேல் 20 கிலோ பாரம் வைத்த அளவு விசை இருக்கும். (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று ரயருக்குக் காற்றடிக்கும் அதே கணக்குத்தான் இங்கும்.) தண்ணீரின் விசை வில்லை வென்றால் மின்முனைகள் விலகும், மோட்டர் நிற்கும். அமுக்கம் இறங்கினால் முனைகள் மீண்டும் சேரும்.

முனைகள் மெல்ல மெல்ல விலகக் கூடாது. விலகினால் இடையில் மின்பொறி நீடித்து அவற்றைக் கருக்கிவிடும். ஆகவே தகட்டோடு இணைந்த நெம்பு ஓர் எல்லையைத் தாண்டியதும் ‘டக்’கென்று மறுபக்கம் பாயும்படி அமைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் இரண்டு வில்கள் தெரியும். பெரிய வில்லின் நட்டை இறுக்கினால் சேரும் அமுக்கம், வெட்டும் அமுக்கம் இரண்டும் ஒன்றாகக் கூடும். சின்ன வில்லின் நட்டை இறுக்கினால் வெட்டும் அமுக்கம் மட்டும் கூடும். கடையில் வாங்கும்போது பொதுவாக 20 இறாத்தலில் சேர்ந்து 40இல் வெட்டும்படி இருக்கும். கோளாறு தொடங்குவது இந்த 40இல்தான்.

சிறிய மோட்டர் ஒன்றின் பெயர்த்தகட்டில், தண்ணீரை ஏற்றக்கூடிய உச்ச உயரம் 30 மீற்றர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது கிணற்று நீர்மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டிய உயரம், மோட்டர் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. ஒரு மீற்றர் தண்ணீர் 1.42 இறாத்தல் அமுக்கம் தரும். மாரி முடிந்து கிணறு நிரம்பியிருக்கையில் தண்ணீர் மோட்டருக்கு 3 மீற்றர் கீழே என்றால், மிஞ்சும் 27 மீற்றருக்கு 38 இறாத்தல் வரை ஏறும். கோடையில் நீர்மட்டம் 6 மீற்றருக்கு இறங்கினால் 34தான். 40இல் வெட்டும் சுவிச் இந்த மோட்டரை எப்போதுமே நிறுத்தாது. 36இல் வெட்ட வைத்த சுவிச் தையில் வெட்டும், புரட்டாதியில் வெட்டாது. மோட்டர் அதே தண்ணீரைக் கடைந்துகொண்டே இருக்கும். கையை வைத்தால் பம்பின் உடல் சுடும். கரண்ட் அழுத்தம் குறையும் மாலை நேரத்தில் இன்னும் ஓரிரு இறாத்தல் குறையக்கூடும். கிணற்றை ஆழமாக்கித் தப்பவும் முடியாது: யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது, ஆழத்தில் இறைத்தால் உவர் மேலேறும்.

ஆகவே சுவிச்சைக் கோடைக்குத்தான் அமைக்க வேண்டும். கிணறு மிகவும் இறங்கிய நாளில் எல்லாப் பைப்பையும் பூட்டி, மோட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அமுக்கமானியின் முள் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். அதற்கு 4, 5 இறாத்தல் கீழே வெட்டும் அளவை வையுங்கள். மேற்சொன்ன மோட்டருக்கு 30இல் வெட்டி 16இல் சேர்ந்தால் போதும். நட்டைத் தொடமுன் கரண்டைத் துண்டியுங்கள். உள்ளே 230 வோல்ற் திறந்தபடி கிடக்கிறது.

சேரும் அளவை மாற்றினால் பக்கத்திலுள்ள அமுக்கத் தாங்கியின் காற்றையும் மாற்ற வேண்டும். பலர் விடுவது இதைத்தான். தாங்கிக்குள் றப்பர்ப் பை, அதைச் சுற்றிக் காற்று. தண்ணீர் இல்லாதபோது அந்தக் காற்று, சேரும் அமுக்கத்தைவிட 2 இறாத்தல் குறைவாக, அதாவது இங்கே 14 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் 24 லீற்றர்த் தாங்கி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7 லீற்றர் தண்ணீர் தரும். காற்று முழுக்கக் கசிந்து வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கினால் அது 3.6 லீற்றர்தான், மோட்டர் இருமடங்கு தடவை தொடங்கும். தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஓடும்போது எடுப்பதைப்போல் பலமடங்கு மின்னோட்டம் பாய்வதால் முனைகள்தான் தேயும். மோட்டரை நிறுத்தி, பைப்பைத் திறந்து தண்ணீரை முழுக்க விட்டபின், சைக்கிள் பம்பால் அடிக்கலாம். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் பீச்சினால் பை கிழிந்துவிட்டது.

அமுக்கமானிக்குள் இருப்பது வளைந்த தட்டையான பித்தளைக் குழாய். 1849இல் பிரான்சில் யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அமுக்கம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும்; அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் முள்ளுக்குப் பெருக்கிக் கொடுக்கும். சுவிச்சைச் சோதிக்கவும் இது உதவும். பைப்பைத் திறந்ததும் மானி உடனே இறங்க, சுவிச் மட்டும் வெகுநேரம் பிந்திச் சேர்ந்தால் சுவிச்சின் கால் அங்குலத் துளை அடைபட்டிருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணம், சுவிச்சைக் குழாயோடு இணைக்கும் சிறு இரும்புத் துண்டான நிப்பிளின் கறள், கோடையில் கிணற்றடியிலிருந்து வரும் மண் மூன்றும் அங்கே சேரும். நிப்பிளைக் கழற்றி விநாகிரியில் ஊறவிட்டுக் கம்பியால் குத்துங்கள். சுவிச்சுக்குள் கம்பியை விட்டால் றப்பர்த் தகடு ஓட்டையாகும். திருப்பிப் பூட்டும்போது பித்தளை நிப்பிள் போடுவது நல்லது.

சாமத்தில் யாரும் பைப்பைத் திறக்காமலே மோட்டர் தொடங்குகிறதா? தாங்கிக்கு அப்பால் வீட்டுக்குப் போகும் வால்வைப் பூட்டுங்கள். அப்போதும் முள் இறங்கினால் தண்ணீர் அநேகமாகக் கிணற்றுக்கே திரும்புகிறது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வின் மடலில் மண்துணிக்கை சிக்கியிருக்கும் அல்லது றப்பர் தேய்ந்திருக்கும்.

கிணறு வற்றும்போது சாதாரண சுவிச் கைவிட்டுவிடும். தண்ணீர் இல்லையென்றால் அமுக்கம் இல்லை, அமுக்கம் இல்லையென்றால் முனைகள் சேர்ந்தே இருக்கும். மோட்டர் வெறுமையாக ஓடித் தண்டைச் சுற்றியுள்ள சீல் கருகும். இதற்கென்றே பக்கத்தில் சிறு நெம்புள்ள சுவிச் இருக்கிறது. அமுக்கம் சேரும் அளவைவிட 10 இறாத்தல் அளவில் கீழே போனால் அது தானே வெட்டிவிடும், திரும்பத் தானாகச் சேராது. தண்ணீர் ஊறியபின் நெம்பைக் கையால் பிடித்து, முள் சேரும் அளவைத் தாண்டும்வரை வைத்திருந்தால்தான் மோட்டர் தொடர்ந்து ஓடும்.