‘சொல்லுங்க’ என்பது ‘டெல் மீ’ ஆகாது

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன், கடலூர் முதுநகர்க்காரன், பயிற்சி முடிந்த கையோடு புதுச்சேரியில் ஒரு விடுதி வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாவது வாரமே அவன் மேல் புகார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா, அவன் தன்னிடம் அதிகாரமாகப் பேசியதாக மேலாளரிடம் சொல்லிவிட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிற பிள்ளை அவன். “அப்படி என்னப்பா சொன்னே?” என்று கேட்டேன். “சிட் மேடம், டெல் மீ மேடம்னுதான் சார் சொன்னேன்” என்றான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

அவன் மனதுக்குள் சொன்னது ‘உட்காருங்கம்மா, சொல்லுங்கம்மா’. அந்த அம்மாவின் காதில் விழுந்தது ‘உட்கார், சொல்லு’. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. விடுதிகளிலும் வீட்டுத் தங்கல்களிலும் வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலமும் ஸ்பானிஷும் சொல்லித்தரும் எனக்கு, அன்றிலிருந்து முதல் பாடமே இதுதான்.

தமிழில் மரியாதை முழுக்க வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘வா’வோடு ‘ங்க’ சேர்ந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். ‘தயவுசெய்து’ என்பதை நாம் விண்ணப்பத்தில் எழுதுவோம், அறிவிப்புப் பலகையில் படிப்போம். வீட்டுக்கு வந்தவரிடம் ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்று யாராவது சொல்வோமா? அதனால்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’ போட மறக்கிறார்கள். திமிர் இல்லை அது. தாய்மொழியில் அந்த இடத்தில் தனிச் சொல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. ‘தௌ’ என்பது நீ, ‘யூ’ என்பது நீங்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப் பேச்சிலிருந்து ‘தௌ’ விலகி, எல்லோருக்கும் ‘யூ’ என்றாகிவிட்டது. வினையில் மரியாதை காட்ட வழியில்லாததால் அந்த வேலையைச் சுற்றியிருக்கும் சொற்கள் செய்கின்றன. ‘சிட்’ என்பதற்குப் பதில் ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்’. ‘டெல் மீ’ என்பதற்குப் பதில் ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?’ பெயர் கேட்க ‘மே ஐ நோ யுவர் நேம், ப்ளீஸ்?’ கட்டளையைக் கேள்வியாக மாற்றிவிட்டால் ஆங்கிலத்தில் பாதி மரியாதை வந்துவிடும். ‘குட் நேம்’ என்று கேட்காதீர்கள். அது இந்தியில் ‘சுப் நாம்’ என்று கேட்கும் பழக்கம் ஆங்கிலத்துக்குள் வந்தது; வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. அதேபோல ‘மைசெல்ஃப் முருகன்’ வேண்டாம், ‘ஐ ஆம் முருகன்’ போதும்.

ஸ்பானிஷுக்கு வந்தால் கதையே வேறு. சுமார் 20 நாடுகளின் ஆட்சிமொழி அது. ஆரோவில்லுக்கும் கடற்கரைச் சாலைக்கும் வருகிறவர்களில் ஸ்பெயின், அர்ஜென்டினா, கொலம்பியா, மெக்சிகோ என்று அந்த மொழிக்காரர்களையும் பார்க்கிறேன். ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். ‘தங்கள் கருணை’ என்று பொருள்படும் ஒரு பழைய மரியாதைத் தொடர் பேச்சில் தேய்ந்துதான் ‘உஸ்தெத்’ ஆனது. அதற்கேற்ப வினையின் வாலும் மாறும், நம்முடையதைப் போலவே. ‘சியென்தெசே’ என்றால் உட்காருங்க. ‘பாசே’ என்றால் உள்ளே வாங்க. ‘தீகாமே’ என்றால் சொல்லுங்க! ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்ததும் சொல்வதும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்வதும் இந்தத் ‘தீகாமே’தான். புகார் வாங்கிய அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. அவன் சொன்னது சரியான சொல்தான். சொன்ன மொழிதான் வேறாகிவிட்டது.

யாரிடம் தூ, யாரிடம் உஸ்தெத்? ஸ்பெயினில் முன்பின் தெரியாதவரிடமே சட்டென்று ‘தூ’வுக்குப் போய்விடுவார்கள். கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே ‘உஸ்தெத்’ புழங்கும். அர்ஜென்டினாவில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ என்பார்கள். நீங்கள் விருந்தினரை வரவேற்கும் இடத்தில் இருக்கிறீர்கள், அதனால் உஸ்தெத்தில் தொடங்குங்கள். அவர்களே ‘தூ’ போதும் என்றால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ‘என்னை வா போன்னே கூப்பிடுங்க’ என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அதேதான்.

அறிமுகத்துக்குச் சில தொடர்கள் போதும். ‘கோமோ செ யாமா உஸ்தெத்?’ என்பது உங்கள் பெயர் என்ன. ‘மே யாமோ...’ என்று தொடங்கி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். சந்தித்ததில் மகிழ்ச்சி என்பதற்கு ‘மூச்சோ குஸ்தோ’. ‘என்கான்தாதோ’ என்றும் சொல்லலாம், ஆனால் சொல்பவர் பெண் என்றால் ‘என்கான்தாதா’. எதிரில் இருப்பவரைப் பார்த்து மாற்றக்கூடாது. என் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். விருந்தினர் முதலில் சொல்லிவிட்டால் ‘இகுவால்மென்தே’, எனக்கும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘நைஸ் டு மீட் யூ’ என்பதை முதல் சந்திப்பில் மட்டும்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அதே ஆளிடம் சொன்னால் நேற்றுப் பார்த்ததையே மறந்துவிட்டீர்கள் என்றாகும். அப்போது ‘நைஸ் டு சீ யூ’.

இரவு எட்டு மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்பவரிடம் ‘குட் நைட்’ என்று வரவேற்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அது விடைபெறும் சொல். வரவேற்க, இரவு எந்நேரமானாலும் ‘குட் ஈவினிங்’தான். ஸ்பானிஷில் ‘புவெனாஸ் நோச்செஸ்’ இரண்டுக்கும் ஆகும், இருட்டிய பிறகு வரவேற்கவும் அதையே சொல்லலாம்.

உச்சரிப்பைப் பற்றிப் பயப்படாதீர்கள். ‘குஸ்தோ’வில் வருவது நம்முடைய த; அங்கே ட போட்டு ‘குஸ்டோ’ ஆக்கிவிடாதீர்கள். செனோர் என்று பலர் எழுதும் சொல்லில் நடுவே இருப்பது ஞ. ‘செஞோர்’ என்று சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். ஹ ஒலியில்லாமல் ‘ஓலா’ என்பது ஹலோ.

பெயரேட்டில் ஒரு சிக்கல் வரும். ஸ்பானிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. மரியா லோபெஸ் கார்சியா என்று இருந்தால் ‘செஞோரா லோபெஸ்’ என்று கூப்பிட வேண்டும். கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு ‘மிஸஸ் கார்சியா’ என்று அழைத்தால் அவர் திரும்பியே பார்க்க மாட்டார். இனிஷியலையே பெயரென்று நினைத்து நம்மைக் கூப்பிடும்போது நமக்கு எப்படி இருக்கிறது!

நம் புதுச்சேரிக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் வெள்ளைத் தோலைப் பார்த்ததும் ‘போன்ஷூர்’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். வந்தவர் மாட்ரிட்காரராக இருந்தால் சிரித்து ஏற்றுக்கொள்வார், ஆனால் அவரை அவராகப் பார்த்த வரவேற்பு ஆகாது. கைகூப்பி ‘வணக்கம்’ சொல்லுங்கள். ஸ்பெயினில் கன்னத்துக்குக் கன்னம் வைத்து இரண்டு முத்தம், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் ஒன்று என்று வழக்கம் மாறும். கூப்பிய கை அந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்காது. அப்புறம் அவர் எந்த மொழியில் பதில் சொல்கிறாரோ அதில் தொடருங்கள்.

கிளம்பும்போது ‘அதியோஸ்’ என்பதைவிட ‘ஆஸ்தா லுவேகோ’ நன்றாக இருக்கும். பிறகு பார்ப்போம் என்று பொருள். ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது தானாக வரும். இரவுப் பேருந்துக்கோ விமானத்துக்கோ புறப்படுகிறவர் என்றால் ஸ்பானிஷில் ‘புவென் பியாஹே’, ஆங்கிலத்தில் ‘ஹேவ் எ சேஃப் ஜர்னி’. பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.