வீட்டுச் செலவக் கணக்குல பிரிக்கிற உலக முறை: 1999ல இருந்து 2018க்கு என்ன மாறிச்சு, தோட்டத்து வீட்டுக்கு அதுல என்ன இருக்கு

விலைவாசி இத்தன வீதம் கூடிருச்சுன்னு நியூஸ்ல ஒரு நம்பர் சொல்றாங்களே, 2022 செப்டம்பர்ல தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 73.7 வீதம்னு சொன்னாங்க, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நம்பர் வர்றதுக்கு முன்னாடியே ஒரு பெரிய வேல முடிஞ்சிருக்கணும், அதாவது நாம வாங்குற சாமான், காசு குடுத்து எடுக்குற சேவை எல்லாத்தையும் இது சாப்பாடு, இது போக்குவரத்து, இது கல்வின்னு பிரிச்சு வச்சிருக்கணும். ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் பிரிச்சா ஒரு நாட்டுக் கணக்க இன்னொண்ணோட ஒப்பிட முடியாது, அதனால ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு எல்லா நாட்டுக்கும் பொதுவா ஒரு வகைப்பாடு வச்சிருக்கு, சுருக்கமா கொய்கொப் (COICOP)னு சொல்லுவாங்க. குடும்பம் ஒண்ணு என்ன தேவைக்காக செலவழிக்குதுன்னு பார்த்துப் பிரிக்கிறதுதான் அதோட முறை. ரொம்ப நாளா இருந்தது 1999 வெர்ஷன், அத திருத்தி 2018 மார்ச்ல புதுசா ஏத்துக்கிட்டாங்க.

இது நியூயோர்க்ல நடக்குற விஷயம், ஹட்டன்லயும் பண்டாரவளையிலயும் இருக்குற நமக்கு என்னன்னு கேக்கலாம். நம்ம நாட்டுல தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்துற வீட்டு வருமான செலவின சர்வே, நகரம், கிராமம், தோட்டம்னு மூணா பிரிச்சுதான் கணக்குக் காட்டுது. 2019 சர்வேல வறுமையில இருக்குற ஆக்கள் நாடு முழுக்க 14.3 வீதம், தோட்டத்துல மட்டும் 33.8 வீதம். விலைச் சுட்டெண்ல எந்த சாமானுக்கு எவ்வளவு பாரம், அதாவது மொத்தக் கணக்குல எவ்வளவு பங்குன்னு முடிவு பண்றதும் இந்த சர்வேய வச்சுத்தான், இப்ப இருக்குற 2021 அடிப்படை ஆண்டுச் சுட்டெண்ணோட பாரங்கள் 2019 சர்வேல இருந்து வந்தது. அப்ப நம்ம செலவு எந்தப் பிரிவுல விழுது, சரியா விழுதா, இல்ல விழாமலே போயிருதாங்கிறது நம்ம சம்பளப் பேச்சு வரைக்கும் போற விஷயம். இத நம்ம ஆக்கள் ஒழுங்கா தெரிஞ்சு வச்சுக்கணும்னு நான் ரொம்ப நாளா நெனைக்கிறேன்.

மொதல்ல பெரிய மாற்றத்த சொல்லிர்றேன். 1999ல குடும்பச் செலவுக்கு 12 பிரிவு இருந்துச்சு, 2018ல 13 ஆச்சு. இன்சூரன்சும் பேங்க் சேவையும் முந்தி ஏனையவைங்கிற கடைசிப் பிரிவுக்குள்ள கிடந்துச்சு, இப்ப அதுக்கு 12ன்னு தனிப் பிரிவு குடுத்து, ஏனையவைய 13க்குத் தள்ளிட்டாங்க. லாப நோக்கமில்லாத சேவை நிறுவனங்களும் அரசாங்கமும் குடும்பங்களுக்காக செய்ற செலவு 14, 15. இலவச பாடப் புத்தகம், அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியம் மாதிரி நம்ம கையில இருந்து காசு போகாதது அந்த 15ல வரும்.

அடுத்தது போன். 1999 வெர்ஷன் எழுதுன காலத்துல லயத்துல கைபோன் ஏது. அதுல 8வது பிரிவு தொடர்பாடல்னு இருந்துச்சு, தபால், டெலிபோன், டெலிஃபாக்ஸ் அவ்வளவுதான், கம்ப்யூட்டரும் டீவியும் 9வது பிரிவுல பொழுதுபோக்கோட இருந்துச்சு. 2018ல 8வது பிரிவோட பேரே தகவல் தொடர்பாடல்னு மாறி, கைபோன், கம்ப்யூட்டர், டீவி, ரீலோட், டேட்டா, டிஷ் டீவிக்கு மாசா மாசம் கட்டுறது எல்லாம் அதுக்குள்ள வந்துருச்சு. இது சரியான மாற்றம்னுதான் சொல்லணும், ஏன்னா பிள்ளையோட ஒன்லைன் கிளாசுக்குப் போடுற டேட்டாவும் கொழும்புல வேல செய்ற மகனோட பேசப் போடுற ரீலோட்டும் ஒரே போன்லதான் போகுது, அத ரெண்டு பிரிவுல பிச்சுப் போட யாராலயும் முடியாது.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது படிப்புச் செலவு. ஸ்கூல் தொடங்குற மாசம் ஒரு அம்மா என்னென்ன வாங்குறாங்கன்னு பாருங்க. கொப்பி, பேனை, சப்பாத்து, வேன் காசு, டியூஷன் காசு. அவங்களக் கேட்டா எல்லாமே பிள்ளையோட படிப்புக்குன்னுதான் சொல்லுவாங்க. கொய்கொப்ல அப்படி இல்ல. சப்பாத்து 3வது பிரிவு, உடுப்போட. வேன் காசு 7, போக்குவரத்து. கொப்பியும் பேனையும் 9, பொழுதுபோக்கு கலாசாரத்துக்குக் கீழ, பாடப் புத்தகத்தக் காசு குடுத்து வாங்குனாலும் அங்கதான். 10வது பிரிவுல மிஞ்சுறது ஸ்கூல் கட்டணம், டியூஷன் மாதிரி சேவை மட்டும். 2018ல பிரிவோட பேரையே கல்விச் சேவைகள்னு மாத்திட்டாங்க, அது நேர்மையான பேர், ஆனா அறிக்கையில கல்விச் செலவு இவ்வளவுதான்னு ஒரு சின்ன நம்பரப் பார்த்துட்டு தோட்டத்து ஆக்கள் பிள்ளைங்க படிப்புக்கு செலவழிக்கிறதில்லன்னு யாராவது பேசினா, மத்த மூணு பிரிவையும் கூட்டிப் பார்க்கச் சொல்லணும்.

அடுப்படிப் பக்கம் வந்தா, 2018ல புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்துது. சொந்தமா வச்சிருக்குற குரக்கனையோ மிளகாயையோ மில்லுக்குக் கொண்டு போய் அரைச்சு, அரைப்புக்கூலி குடுக்குறோம்ல, 1999ல அதுக்குன்னு ஒரு இடமும் இல்ல, இப்ப 01.3ன்னு சாப்பாட்டுப் பிரிவுக்குள்ளயே இடம் குடுத்திருக்காங்க. தேயிலத் தூளுக்கும் மாற்றம் இருக்கு. முந்தி கோப்பி, தேயில, கொக்கோ மூணும் ஒரே வகுப்பு, இப்ப தேயிலைக்குத் தனியா 01.2.3. வீட்டுல ஊத்திக் குடிக்கிற தேத்தண்ணி இதுல வரும், ரோட்டுக் கடையில வாங்கிக் குடிச்ச பிளேன்டீ 11வது பிரிவு, ஹோட்டல் சாப்பாட்டோட. வெத்தில பாக்க 1999 வெர்ஷன்ல போதைப்பொருள் வகுப்புல போட்டிருந்தாங்க, கொழுந்து மலையில வெத்தில போடுற நம்ம பாட்டிமார்கிட்ட இதச் சொன்னா கோவம்தான் வரும், அந்தக் கோவம் நியாயம்.

காசு குடுக்காம கிடைக்கிறதப் பத்தி இப்ப சொல்றேன், நம்ம ஆக்கள் அதிகமா விட்டுர்ற இடம் இதுதான். கவ்வாத்து வெட்டுனப்புறம் தூக்கிட்டு வர்ற மிலாறு ஒரு கட்டு விறகு, அது 4வது பிரிவுல கேஸ், கரண்டோட வர்ற எரிபொருள். வாடகை கட்டாம இருக்குற லயத்துக் காம்பராவுக்கும் ஒரு மதிப்பிட்ட வாடகை போட்டு அதே 4வது பிரிவுல சேர்க்கணும்னு வகைப்பாடு சொல்லுது. வீட்டுக்குப் பின்னால போட்ட போஞ்சி, லீக்ஸ், கீரை சாப்பாட்டுப் பிரிவு. இதெல்லாம் காசு போகலியேன்னு சொல்லாம விட்டா நம்ம வீடு என்ன சாப்பிடுது, எதுல சமைக்குதுங்கிற படமே பிழையா வரும். அதே நேரம் ஒரு ஓட்டைக் கூரை காம்பராவுக்கு பெரிய வாடகை மதிப்புப் போட்டுட்டா காகிதத்துல நாம வசதியா தெரிவோம், அதனால காம்பரா எத்தன, கூரை தகரமா, தண்ணி உள்ளுக்கு வருதா, கக்கூஸ் பொதுவாங்கிற கேள்விக்கு இருக்குறத இருக்குற மாதிரியே சொல்லணும்.

இதோட இன்னொரு வகைப்பாட்டயும் குழப்பிக்கக் கூடாது, அது ஏத்துமதி இறக்குமதி சாமானுக்கு நம்பர் போட்டுப் பிரிக்க கஸ்டம்ஸ்ல பாவிக்கிற எச்.எஸ். கோட். அத பார்க்கிறது பிரசல்ஸ்ல இருக்குற உலக சுங்க அமைப்பு, 1988ல இருந்து நடைமுறையில இருக்கு, கடைசித் திருத்தம் 2022, அடுத்தது 2028 ஜனவரி 1ல இருந்து. அதுல தேயில 0902, அதுவும் பச்சத் தேயிலயா கறுப்புத் தேயிலயா, 3 கிலோவுக்கு மேற்படாத பைக்கட்டா மொத்தமானு நாலாப் பிரியும், இன்ஸ்டன்ட் டீ 2101க்குப் போயிரும். சின்னதா ஆவாரம்பூ டீ, பெலிமல் டீ பைக்கட் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்க்குற பிள்ளைங்க கவனிக்கணும், தேயிலச் செடியில இருந்து வராதது 0902ல வராது, பைக்கட்ல டீன்னு போட்டிருந்தாலும் வராது, வேற கோட், வேற வரி. கொய்கொப்ல அந்த மூலிகை டீயும் தேயிலையும் ஒரே 01.2.3ல சேர்ந்து இருக்கும். எச்.எஸ். கோட் பொருள் எதால ஆனதுன்னு பார்க்குது, கொய்கொப் எதுக்கு வாங்குறீங்கன்னு பார்க்குது, அதான் வித்தியாசம்.

திருத்தம் எப்படி நடக்குதுன்னா, நிபுணர் குழு வரைவு தயாரிக்கும், எல்லா நாட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்துக்கும் அனுப்பி கருத்துக் கேப்பாங்க, அப்புறம் ஆணைக்குழு மார்ச் கூட்டத்துல ஏத்துக்கும். ஏத்துக்கிட்ட உடனே எல்லா நாடும் மாறிராது, புது சர்வேயும் புது அடிப்படை ஆண்டும் வர்றப்பதான் மாத்துவாங்க, நடுவுல மாத்துனா பழைய வருஷத்தோட ஒப்பிட முடியாது, அதனால பழைய கோட்டுக்கு புது கோட் எதுன்னு ஒரு இணைப்பு அட்டவணையும் சேர்த்தே போடுவாங்க. நம்ம தரப்புல இருந்து ஏதாவது போகணும்னா அது திணைக்களம் வழியாத்தான் போகும், தொழிற்சங்கமோ தோட்டத்துல இருக்குற பிரஜாசக்தி சமூக நிலையமோ எழுத்துல குடுக்கலாம், மிலாறு, காம்பரா, வேன் காசுன்னு நம்ம ஊர் உதாரணத்தோட குடுத்தா அங்க இருக்குறவங்களுக்கும் விளங்கும்.

சர்வே ஒரு வருஷம் பூரா நடக்கும், எல்லா வீட்டுக்கும் வரமாட்டாங்க, தெரிவு செஞ்ச வீட்டுக்குத்தான் வருவாங்க. வர்ற உத்தியோகத்தர்கிட்ட அடையாள அட்டை கேட்டுப் பாருங்க, அதுல தப்பே இல்ல. சாப்பாட்டுக்கு ஒரு கிழமக் கணக்கு, மத்ததுக்கு மாசக் கணக்கு, பெரிய சாமானுக்கு வருஷக் கணக்கு கேப்பாங்க, அதனால வீட்டுச் செலவப் பார்க்குறவங்க, அனேகமா அம்மாமார்தான், அவங்க மலைக்குப் போகாத நேரமாப் பார்த்து வரச் சொல்லுங்க. தமிழ்ல பேசச் சொல்லிக் கேளுங்க. சொல்ற தனிப்பட்ட விபரம் சட்டப்படி ரகசியம், தோட்ட நிர்வாகத்துக்கோ வேற யாருக்கோ போகாது, அதனால கடைக் கடன், சீட்டு, விறகு, தோட்டத்து மரக்கறி எதையும் மறைக்க வேண்டியதில்ல.