ஆஸ்பத்திரி இலவசம், சீட்டுக்குத்தான் காசு: இரு போர்களுக்கு இடைப்பட்ட லண்டனில் குழந்தைக் காய்ச்சல் விதிகள்

1920, 30-களில் கிழக்கு லண்டனில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைப்பானோ (டிப்தீரியா) செங்காய்ச்சலோ வந்தால் தாய்க்குக் கிடைக்க வேண்டியவை நான்கு: காய்ச்சல் ஆஸ்பத்திரியில் படுக்கை, அங்கே கொண்டுபோக ஆம்புலன்ஸ், வீட்டுக்குக் கிருமிநீக்கம், ஏழை என்றால் ஆன்டிடாக்சின் என்ற டிப்தீரியா நஞ்சு முறிப்பு மருந்து. நான்கும் இலவசம். 1889-இன் தொற்றுநோய் அறிவிப்புச் சட்டமும் (நோயைக் கண்ட டாக்டர் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது) 1891-இன் லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டமும் இதற்கு அடிப்படை. ஆஸ்பத்திரிகளை நடத்தியது மெட்ரோபாலிடன் அசைலம்ஸ் போர்டு. 1930 ஏப்ரலில் அவை லண்டன் கவுண்டி கவுன்சிலின் கைக்குப் போயின.

இனி பொறி. படுக்கை கிடைக்க மருத்துவரின் சான்றுச் சீட்டு வேண்டும். அப்பாவுக்கு 1911 இன்சூரன்ஸ் சட்டத்தில் ‘பேனல்’ டாக்டர் (இன்சூரன்ஸ் பட்டியலில் உள்ள டாக்டர்) இருக்கிறாரே என்று தாய் நம்பிப் போவாள். அந்த இன்சூரன்ஸ் அட்டை சம்பாதிப்பவருக்கு மட்டும். மனைவிக்கும் பிள்ளைக்கும் செல்லாது. நோயை அறிவித்ததற்கு டாக்டருக்குப் பரோ (அந்த வட்டார நகராட்சி) பணம் தருகிறது. அதற்காக வீட்டுக்கு வந்துபோன கட்டணத்தை அவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெள்ளிக்கிழமை கூலி வரட்டும், அதுவரை வெங்காயக் கஷாயம் கொடுத்துப் பார்ப்போம் என்று நாள் போவது இதனால்தான். தொண்டை அடைப்பானில் அந்த இரண்டு மூன்று நாள்தான் உயிர். ஆன்டிடாக்சினை முதல் நாளில் போட்டால் பெரும்பாலும் பிழைக்கும்; நாள் தள்ளத்தள்ள மருந்து தோற்கும். இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் அது முறிக்கும், இதயத்தையும் நரம்பையும் பற்றிவிட்ட நஞ்சை அல்ல.

கையில் காசில்லையா? ரிலீவிங் ஆபீசரிடம் (ஏழைகளுக்கான அரசு உதவியைத் தீர்மானிக்கும் அதிகாரி) போய் ஏழைகள் மருத்துவரை வரவழைக்கும் ஆணை கேட்க வேண்டும். அவர் வாடகை எவ்வளவு, மூத்தவன் சம்பளம் எவ்வளவு என்று ஆரம்பிப்பார். ‘திடீர் ஆபத்தான நோய்’ என்ற சொல்லை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நிலையில் விசாரணையைக் காரணம் காட்டி அவர் தட்டிக்கழிக்க முடியாது. மறுத்தால் ஒரு மாஜிஸ்திரேட்டே மருத்துவ உதவிக்கு ஆணையிடலாம். இலவச மருத்துவம் வாங்கினால் ஓட்டு போய்விடும் என்பது தெருவில் சாகாமல் நின்ற பயம். 1885-லேயே சட்டம் அதை நீக்கிவிட்டது. கவுண்டரில் இருப்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

அடுத்த தாமதம் தொண்டைச் சளிப் பரிசோதனை. செலவு பரோவுடையது, முடிவு வர ஒரு நாள் ஆகும். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு தெரிந்தால், முடிவுக்குக் காத்திராமல் அப்போதே ஊசி போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிள்ளையை டிராமில் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. தொற்றோடு பொது வண்டியில் ஏற்றுவது தண்டனைக்குரிய குற்றம். ‘வீட்டில் வைத்தே பார்க்கிறேன்’ என்ற பதில் தனியறை இருந்தால்தான் எடுபடும். ஒற்றை அறைக் குடித்தனத்தில், ‘தக்க இடவசதி இல்லை’ என்று டாக்டர் எழுதினால், மாஜிஸ்திரேட் ஆணையோடு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார்கள்.

படுக்கை துணிகளை நீராவியால் கிருமி நீக்கும் நிலையத்துக்கு ஏற்றுமுன் ஒரு பட்டியல் எழுதிச் சுகாதார ஆய்வாளரிடம் கையொப்பம் வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் கம்பளி காணாமல் போனதைப் பேசவே முடியாது. வீட்டைப் புகையூட்டும்போது தங்க இடம் தருவது பரோவின் கடமை. கேட்டவர்களுக்கு மட்டும் நினைவு வரும் கடமை அது.

செங்காய்ச்சல் பிள்ளை வீடு திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். தோல் உரிந்து முடிந்துவிட்டது என்று அனுப்பினாலும் மூக்கிலோ காதிலோ ஒழுகல் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்க்க வேண்டும். தம்பி தங்கைக்குத் தொற்றுவது பெரும்பாலும் அந்த ஒழுகலில்தான், உரியும் தோலில் அல்ல.

தட்டம்மைக்கு இந்த வழியெல்லாம் பாதிதான் திறக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை லண்டனைச் சுற்றிவந்து, நிமோனியாவாக மாறி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களைக் கொண்டுபோன நோய் அது. நாடு முழுக்க அறிவிக்க வேண்டும் என்று 1916-இல் விதி வந்தது, 1919-இன் முடிவில் போனது. பிறகு அறிவிப்பு பரோவுக்குப் பரோ வேறு. கொள்ளை நோய்க் காலத்தில் படுக்கை மோசமான பிள்ளைகளுக்கே முதலில். ஆகவே சீட்டில் ‘தட்டம்மை’ என்று மட்டும் எழுதவிடக் கூடாது. மூச்சுத் திணறல் இருந்தால் அதையும், அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதையும் டாக்டர் எழுதித் தர வேண்டும்.