சிறுநீரகப் பயாப்சி: வீட்டுக்குப் போன பிறகு

"டாக்டர், பயாப்சின்னா கேன்சரா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே முதல் பத்து நிமிடம் போய்விடும். பெரும்பாலும் இல்லை. சிறுநீரில் புரதம் ஏன் போகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏன் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் முதுகு வழியாக ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து துளி சதையை எடுக்கிறோம். அந்தப் பயம் தீர்ந்ததும் எல்லாமே சின்ன விஷயமாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. முதுகில் ஒரு சின்ன பிளாஸ்திரி, வலியும் பெரிதாக இல்லை, மறுநாள் டிஸ்சார்ஜ்.

ஊசி என்னவோ ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் அது போய் வந்த இடம் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தம் ஓடுகிற உறுப்பு. தோல் ஓரிரு நாளில் மூடிவிடும், உள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது வெறும் ரத்தக்கட்டி. கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதனால்தான் ஆறு எட்டு மணி நேரம் அசையாமல் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் பிடித்து நிறம் பார்க்கிறோம். சிலருக்கு மட்டும் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட வரும்.

அப்படி வந்தவர் ஒரு அம்மா. ஆறாம் நாள் விடியற்காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது, நாலு குடம் தூக்கியிருக்கிறார். சாயங்காலம் சிறுநீர் சிவப்பு. "சூடு பிடிச்சிருக்கு" என்று வீட்டில் இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு கூடுதல், இளநீரில் இருப்பதும் அதுதான்! மறுநாள் கட்டி கட்டியாகப் போய், அப்புறம் சிறுநீரே அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டியூப் போட்டுக் கட்டிகளைக் கழுவி எடுத்து, சில நாள் படுக்க வைத்துச் சரிசெய்தோம்.

கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். கேட்டால், "குடம் என்ன கனமா சார்? முப்பது வருஷமா தூக்குறேன்" என்கிறார். தப்பு எங்கள் பக்கம்தான். நிறைகுடம் பதினைந்து கிலோ வரும். இப்போதெல்லாம் பெயர் சொல்லியே சொல்கிறேன்: குடம், அரிசி மூட்டை, சிலிண்டர், கிரைண்டர் கல், இடுப்பில் ஏறத் துடிக்கும் பேரன், எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். பைக்கும் பஸ்ஸின் கடைசி சீட்டும் அப்படித்தான், ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடும். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு இரண்டு மூன்று நாளில் போகலாம். மலச்சிக்கல் இருந்தால் முக்க வேண்டாம், கேட்டால் சிரப் எழுதித் தருவோம், இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள்.

குத்திய இடத்தில் இரண்டு மூன்று நாள் லேசாக வலிக்கும். பாரசிட்டமால் போதும். மெடிக்கலில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கினால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கைக்கு வரும், இரண்டுமே ரத்தக்கசிவைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிட்டுவந்து, பயாப்சிக்காக நிறுத்தி வைத்த ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகளை என்று மறுபடி தொடங்குவது என்று தேதி கேட்டுக்கொண்டு போங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடக்கூடாது, அழுத்தம் ஏறினால் உள்ளே அடைத்திருப்பது பிய்த்துக்கொள்ளும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வதும் எல்லோருக்கும் பொருந்தாது, கால் வீங்கியவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அளவு உண்டு.

முதல் நாள் சிறுநீர் லேசாக இளஞ்சிவப்பாகப் போய்த் தெளிவது நடப்பதுதான், இருந்தாலும் போன் செய்து சொல்லிவிடுங்கள். நல்ல சிவப்பு, கட்டி, சிறுநீர் வராமல் அடைப்பது, விலாவுக்குக் கீழே வலி கூடிக்கொண்டே போவது, எழுந்தால் கண் இருட்டி வியர்ப்பது, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் வந்துவிட வேண்டும், 108-ஐக் கூப்பிட்டாவது.

அந்த அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தபோது முதலில் கேட்டது நோயைப் பற்றி இல்லை. குடம் எப்போது தூக்கலாம் என்றார். இன்னும் இரண்டு வாரம் என்றேன், பத்து நாளாக்கப் பேரம் பேசினார்.