ஏரியைத் தாண்டியதும் மலை ஏன் செங்குத்தாகிறது?

உயரமான மலைகளில் ஏரி வரைக்கும் ஏறுவது பெரும்பாலும் சமாளிக்கக்கூடியதாகவே இருக்கும். ஏரிக்கு மேலேதான் சோதனை. மூன்று பக்கமும் நெட்டுக்குத்தான பாறைச் சுவர், அதன் அடிவாரம் முழுக்கக் கால் வைத்தால் சரியும் உடைகற்கள். அந்த ஏரியும் சுவரும் தற்செயலாக அடுத்தடுத்து அமைந்தவை அல்ல. பல இடங்களில் இரண்டையும் குடைந்தது ஒரே பனியாறுதான்.

வெயில் அதிகம் படாத பள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் பனி சேர்ந்தால், மேலே உள்ளதன் எடையில் அடிப்பகுதி இறுகிக் கட்டியாகிறது. சில பத்து மீட்டர் தடித்த பிறகு, தன் கனத்தாலேயே அது நகரத் தொடங்கும். அதுதான் பனியாறு. நேராக வழுக்கிக்கொண்டும் போவதில்லை. பின்பக்கம் அமிழ, முன்பக்கம் சற்றே எழும்ப, மெல்லச் சுழன்றபடி நகர்கிறது. அடியில் பதிந்த கற்கள் உப்புத்தாள் போலத் தரையைத் தேய்க்கின்றன. பள்ளத்தின் நடு ஆழமாகிறது, சுற்றிலும் செங்குத்துச் சுவர் நிற்கிறது, வாயிலில் ஒரு பாறை வரம்பு மிஞ்சுகிறது. பனியாறு உருகி மறைந்ததும் அந்த வரம்புக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் ஏரி. மேலே இன்னும் பனியாறு மிச்சமிருந்தால், அது அரைத்துத் தள்ளும் பாறை மாவு தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். இப்படிப்பட்ட ஏரிகளில் காணும் நீலப்பச்சை நிறம் வருவது அதனால்தான். ஒரே மலையைப் பல பக்கமும் இப்படிக் குடைந்தால் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் போன்ற கூர்மையான சிகரம் உருவாகும்.

சரி, சுவரிலிருந்து கற்கள் ஏன் இன்னும் விழுந்துகொண்டே இருக்கின்றன? தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், அதனால் பாறை பிளக்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். அது முழு விளக்கம் அல்ல. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் ஒரு அழகான சோதனை செய்தார். உறையும்போது சுருங்கும் பென்சீன் என்ற திரவத்தை மண்ணில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி உறைய வைத்தார். அப்போதும் மண் மேலெழும்பியது! உறையும் இடத்தை நோக்கித் திரவம் இழுக்கப்பட்டு, அங்கே படலம் படலமாகச் சேர்ந்து தடிக்கிறது, அந்தத் தள்ளுதல்தான் மண்ணைத் தூக்கியது. பாறை விரிசலிலும் இதுவே நடக்கிறது. மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை இது தீவிரமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் தண்ணீர் எளிதில் நகர முடியாது.

விழுந்த கற்கள் ஏறத்தாழ 35 டிகிரி சாய்வில் குவிந்து நிற்கும். அதற்கு மேல் ஒரு கல் கூடினாலும், ஒரு கால் அழுத்தினாலும் சரியும். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி வழுக்குவது இதனால்தான். பெரிய கற்கள் வேகத்தோடு அடிவாரம் வரை உருண்டுவிடும், பொடிக்கற்கள் உச்சிப் பக்கமே தங்கிவிடும். ஆகவே ஏறும்போது பெரிய கற்கள் உள்ள விளிம்பே நல்லது, இறங்கும்போது பொடிக்கல் சரிவு சுகமாக இருக்கும். எப்படியானாலும் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நடக்கக் கூடாது.

சுவரில் வெயில் பட்டு, பாறைகளைப் பிடித்து வைத்திருக்கும் பனிக்கட்டி இளகும் நேரம் ஆபத்தானது. 2003 கோடையின் வெப்ப அலையில் மேட்டர்ஹார்னில் பாறை பெயர்ந்து விழ, மலையேறிகள் பலரை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது. பெயர்ந்த இடத்தில் பனிக்கட்டி வெளியே தெரிந்தது. இந்த மாதிரிச் சுவர்களின் அடியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.